பழைய பேஸ் கிட்டாருக்குப் புது நிறம்: கழற்றுவதிலிருந்து பாலிஷ் வரை

பழைய பேஸ் கிட்டாருக்கு நிறம் மாற்றுவதில் நிறம் அடிப்பதுதான் ஆகச் சின்ன வேலை. முழு வேலைக்கும் ஆறேழு வாரம் பிடிக்கும் என்றால், நிறம் ஸ்பிரேயிலிருந்து வெளியே வரும் நேரம் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. மிச்சமெல்லாம் கழற்றுவது, தேய்ப்பது, காய விடுவது. மேலே அடிக்கிற பெயின்ட் அடியில் இருக்கும் குறையை மூடிவிடும் என்ற நம்பிக்கையில்தான் பெரும்பாலான பாடிகள் கெட்டுப்போகின்றன. பளபளப்பான பூச்சு எதையும் மூடாது. 120 நம்பர் உப்புத்தாள் போட்ட ஒரு கீறல், எட்டு கோட் கிளியருக்கு (நிறமில்லாத மேற்பூச்சு) மேலேயும் வெளிச்சத்தில் தெரியும்.

முதலில் ஒரு கேள்வி: இந்த கிட்டாரில் கை வைக்கலாமா?

1950கள், 60களில் வந்த ஃபெண்டர், கிப்சன் பேஸ்களில் தொழிற்சாலை அடித்த பெயின்ட் அப்படியே இருந்தால், அது எவ்வளவு உரிந்து கிடந்தாலும் தொடாதீர்கள். பெயின்ட் மாற்றிய நாளே அதன் மதிப்பில் பெரும் பகுதி போய்விடும், திரும்பவும் வராது. ஏற்கெனவே யாரோ மாற்றி அடித்த பாடி, அல்லது தடித்த பாலியெஸ்டர் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்த 70கள், 80களின் சாதாரண மாடல் என்றால் தயங்க வேண்டியதில்லை.

பெயின்ட் அசலா இல்லையா என்பதைப் பிக்கார்டுக்கு (பாடியின் முகத்தில் கீறல் விழாமல் மூடும் தகடு) அடியிலும் நெக் பாக்கெட்டிலும் (நெக் உட்காரும் குழி) பார்க்க வேண்டும். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் ஃபெண்டர் தொழிற்சாலையில் பாடியில் சிறு ஆணிகளை அறைந்து, அந்த ஆணிகள் மேல் நிறுத்தி வைத்துத்தான் பெயின்டைக் காயவிட்டார்கள். பெயின்ட் காய்ந்த பிறகு பிடுங்கியதால் அந்தத் துளைகளுக்குள் பெயின்ட் இருக்காது. துளை பெயின்டால் அடைபட்டிருந்தாலோ, துளையே காணவில்லை என்றாலோ, பிற்பாடு யாரோ அடித்திருக்கிறார்கள். ஆனால் சிவப்புக்கு அடியில் சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிர்ந்து ஓரத்தில் இருளும் நிறம்) தெரிகிறது என்பதற்காக மட்டும் அசல் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். சன்பர்ஸ்ட் அடித்த பாடி மேலேயே கஸ்டம் நிறம் அடித்து அனுப்பும் வழக்கம் அந்தத் தொழிற்சாலையில் இருந்தது.

வால்யூம், டோன் பாட்களின் (குமிழ்களுக்கு அடியில் இருக்கும் திருகு மின்தடைகள்) முதுகில் இருக்கும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 137 என்று தொடங்கினால் சிடிஎஸ், 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல் நிறுவனம் செய்த பாட். அடுத்து வருவது ஆண்டும் வாரமும்: 1376612 என்றால் 1966-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரம். கிட்டார் அந்தத் தேதிக்கு முந்தையதாக இருக்க முடியாது, பாட் மாற்றப்படாதவரை.

கழற்றுவது

போட்டோ எடுத்துக்கொண்டே கழற்றுங்கள். ஒவ்வொரு ஒயரும் எந்த முனையில் சேர்கிறது, பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, ஸ்குரூ எது நீளம் எது குட்டை என்பதெல்லாம் ஆறு வாரத்தில் மறந்துபோகும். ஒரு அட்டையில் கிட்டாரின் வெளிக்கோட்டை வரைந்து, கழற்றிய ஸ்குரூவை அதே இடத்தில் குத்தி வைத்தால் பிறகு தேட வேண்டியிருக்காது.

ஸ்ட்ரிங்கை முழுக்கத் தளர்த்திய பிறகுதான் நெக்கைக் கழற்ற வேண்டும். நான்கு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து நெக்கை எழுபது எண்பது கிலோ விசையில் இழுத்துக்கொண்டிருக்கும். அது நின்றுவிட்டதால், நெக் சும்மா கிடக்கும் வாரங்களுக்கு டிரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும் உலோகக் கம்பி) கால் சுற்று தளர்த்தி வைக்கலாம். அந்தக் கம்பியின் நட் இறுகிப்போயிருந்தால் பலம் கொடுக்காமல் விட்டுவிடுங்கள். நெக் பாக்கெட்டின் அடியில் காகிதத் துண்டோ மெல்லிய அட்டையோ ஒட்டியிருந்தால் அதைக் குப்பை என்று தள்ளாதீர்கள். நெக்கின் சாய்வைச் சரிசெய்ய வைத்த ஷிம் அது. கவரில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

பிரிட்ஜுக்கு (ஸ்ட்ரிங்குகள் பாடியில் தங்கும் உலோகப் பகுதி) அடியிலிருந்து ஒரு தனி ஒயர் கன்ட்ரோல் குழிக்குள் போகும். ஸ்ட்ரிங்கை எர்த் செய்வது அதுதான். பாட் பக்கத்து முனையை மட்டும் சால்டர் எடுத்துவிட்டு ஒயரைத் துளை வழியே இழுத்துக்கொள்ளுங்கள். மற்ற சால்டர் இணைப்புகளைத் தொட வேண்டாம். அசல் சால்டர் கலையாமல் இருப்பதும் பழைய கிட்டாரின் மதிப்பில் சேர்த்தி. பழைய செல்லுலாய்ட் பிக்கார்டுகள் ஆண்டுக்கணக்கில் சுருங்கி இறுகியிருக்கும். ஸ்குரூக்களை ஒவ்வொன்றாக முழுக்கக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் விரிசல் விடாது.

ஹெட்ஸ்டாக்கை (நெக்கின் தலைப்பகுதி) விட்டுவிடுங்கள். நிறம் பொருந்த வேண்டும் என்று அதையும் தேய்த்தால் டீக்கால் (நிறுவனப் பெயர் ஒட்டுப்படம்) போய்விடும். அதோடு கிட்டாரின் முகவரியும் போய்விடும்.

பழைய பூச்சு எது, அதைக் கழிக்க வேண்டுமா?

கன்ட்ரோல் பிளேட்டுக்கு அடியில் கண்ணில் படாத ஒரு மூலையில், அசிட்டோன் அல்லது லாக்கர் தின்னரில் நனைத்த பஞ்சுக் குச்சியை அரை நிமிடம் வையுங்கள். பிசுபிசுத்து நிறம் பஞ்சில் ஏறினால் அது நைட்ரோசெல்லுலோஸ் அல்லது அக்ரிலிக் லாக்கர். ஒன்றும் நடக்கவில்லை என்றால் பாலியெஸ்டர் அல்லது பாலியூரித்தேன். 60களின் பல பாடிகளில் இரண்டும் கலந்து வரும்: மேலே உள்ள நிறம் கரையும், அதற்கு அடியில் கொஞ்சம் மஞ்சளாக, கண்ணாடி போல் இறுகிய ஒரு அடுக்கு எதற்கும் அசையாது. மரத்துளைகளை அடைக்க அடித்த சீலர் அது. தயவுசெய்து அதைச் சுரண்ட வேண்டாம். அதைவிட நல்ல சீலரை நீங்கள் அடிக்கப்போவதில்லை. 320 நம்பரில் லேசாகத் தேய்த்து அதன் மேலேயே பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடிக்கலாம்.

பாலியெஸ்டர் பூச்சு மரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, இரண்டு மூன்று இடத்தில் மட்டும் சில்லு பெயர்ந்திருந்தால் முழுக்கக் கழிக்கத் தேவையே இல்லை. 220, பிறகு 320 நம்பரில் பளபளப்பு முழுக்க மங்கும்வரை தேய்த்து, பெயர்ந்த இடத்தில் கார் வேலைக்குப் பயன்படும் பாலியெஸ்டர் பட்டி போட்டுச் சமமாக்கி, பிரைமர் அடியுங்கள். மரத்துளை, ஈரம், சீலர் என்ற தலைவலி எல்லாம் மிச்சம். நிறைய பேர் மரம் தெரியும்வரை கழித்தால்தான் முறையான வேலை என்று நினைக்கிறார்கள். ஒளி ஊடுருவாத நிறம் அடிக்கப்போகிறீர்கள் என்றால் அது வீண் உழைப்பு.

கழித்தே ஆக வேண்டும் என்றால், பாலியெஸ்டருக்கு ஹீட் கன். பாடியின் பின்பக்கம், நடுவில், தட்டையான இடத்தில் தொடங்குங்கள். முனையை ஐந்தாறு செ.மீ. தள்ளிப் பிடித்து அசைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பூச்சு மங்கி லேசாக உப்பும். அந்த நொடியில், மூலைகளை அரம் போட்டு மழுக்கிய பட்டிக் கத்தியை இழையின் போக்கிலேயே அடியில் செலுத்தினால் ஓடு போலப் பெரிய பெரிய துண்டாகப் பெயர்ந்து வரும். புகை வந்தால் சூடு அதிகம். ஒரே இடத்தில் நின்றால் மரம் கருகும், பலகைகளை ஒட்டிய பசை இளகும். சில பாடிகளின் முகத்தில் மெல்லிய வெனீர் ஒட்டியிருப்பார்கள், அது கிளம்பிவிடும். விளிம்புகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நைட்ரோவுக்கு ஹீட் கன் ஆகாது, அது தீப்பற்றும். தின்னரில் ஊறிய துணியை மேலே போட்டுப் பத்து நிமிடம் கழித்து வழித்தால் வந்துவிடும். துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாமல் வெளியே விரித்துக் காய வையுங்கள். பெயின்ட் ரிமூவர் வாங்கினால் பென்சைல் ஆல்கஹால் வகை ஜெல்லாகப் பாருங்கள். மெத்திலீன் குளோரைடு கலந்த ரிமூவர் வேகமாக வேலை செய்யும், ஆனால் மூடிய அறையில் அதன் ஆவி உயிரையே எடுக்கும். 2019-இல் அமெரிக்காவில் பொதுமக்களுக்கு அதை விற்பதையே தடை செய்தார்கள். எந்த ரிமூவராக இருந்தாலும் பிளாஸ்டிக் பைண்டிங்கை (விளிம்பில் ஒட்டிய பட்டை) கரைத்துவிடும்.

பழைய வெள்ளை, மஞ்சள், சிவப்புப் பெயின்ட்களில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தொட்டுத் தேய்த்துத் தூசி பறக்காமல் பாருங்கள். பி100 வடிகட்டி உள்ள மாஸ்க் போடுங்கள். குழந்தைகள் புழங்கும் இடத்தில் இந்த வேலை கூடாது.

மரத்தைத் தயார் செய்வது

150, 180, 220 என்ற வரிசையில் இழையின் திசையிலேயே தேய்க்க வேண்டும். தட்டையான இடங்களில் உப்புத்தாளைக் கார்க் கட்டையில் சுற்றிப் பிடியுங்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் மென்மையான இழை பள்ளமாகி, பளபளப்பு வந்த பிறகு அலை அலையாகத் தெரியும். கை வைக்கும் சரிவிலும் வயிற்றுப்பக்கக் குழிவிலும் ஸ்பாஞ்ச் துண்டில் சுற்றித் தேய்க்கலாம். மெஷின் சாண்டரை விளிம்புக்குக் கொண்டுபோகாதீர்கள். பழைய பாடியின் வளைவுகள்தான் அதன் உருவம். விளிம்பு அரை மில்லிமீட்டர் உருண்டுவிட்டாலும் பார்த்த மாத்திரத்தில் தெரியும். நெக் பாக்கெட்டின் உள்ளே உப்புத்தாளே போகக் கூடாது.

அமுங்கிய பள்ளங்களில் ஈரத்துணியை மடித்து வைத்து இஸ்திரிப் பெட்டியின் முனையால் சில நொடி தொட்டால், நீராவி ஏறி அமுங்கிய இழை எழும்பிவிடும். இழை அறுந்துபோன வெட்டுக்கு இது பலிக்காது, பட்டிதான். லூசான ஸ்குரூ துளைகளில் மரப்பசை தொட்ட பல்குத்தும் குச்சிகளைச் செருகிக் காயவிட்டு வெட்டிவிடுங்கள். கடைசியாக ஒருமுறை மரத்தை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் நிமிரும் சொரசொரப்பை 220-ஆல் தட்டிவிட வேண்டும்.

மரம் என்ன என்பதைப் பொறுத்து அடுத்த வேலை. ஆல்டர், பாஸ்வுட் என்றால் துளை மிகச் சிறிது, நேரே சீலருக்குப் போகலாம். ஆஷ், மஹோகனி என்றால் கிரெயின் ஃபில்லர் (மரத்துளைகளை அடைக்கும் கூழ்) கட்டாயம். அதைப் பிளாஸ்டிக் அட்டையால் இழைக்குக் குறுக்கே அழுத்தி வழித்து, மேற்பரப்பு மங்கத் தொடங்கும்போது சாக்குத் துணியால் குறுக்காகவே துடைக்க வேண்டும். ஒரு நாள் காய்ந்த பிறகு 320-ஆல் தேய்த்து இன்னொரு தடவை. ஆஷுக்கு ஒரு தடவை போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒரு மாதம் கழித்துப் பூச்சு சுருங்கி உள்ளே இறங்கும்போது துளைகள் கோடு கோடாக மேலே வரும்.

இனி பாடியை வெறுங்கையால் தொடக் கூடாது. கிட்டார் பாலிஷ்கள் பலவற்றில் சிலிக்கோன் உண்டு. பல ஆண்டு துடைத்த பாலிஷ் மரத்துக்குள்ளும் இறங்கியிருக்கும். அது இருக்கும் இடத்தில் பெயின்ட் நிற்காமல் வட்ட வட்டமாக விலகி மீன்கண் போல் குழி விழும். நாப்தாவில் (பெட்ரோலியக் கரைப்பான்) நனைத்த துணியால் துடைத்து, ஆவியாகும் முன்பே இன்னொரு உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். காய விட்டுவிட்டால் அழுக்கு அங்கேயே படியும்.

சீலர், பிரைமர், நிறம்

சாமான்கள் எல்லாம் ஒரே குடும்பமாக இருக்கட்டும். 400 மி.லி. ஸ்பிரே டப்பாவில் அடித்தால் சீலர் ஒன்று, பிரைமர் ஒன்று, நிறம் இரண்டு, கிளியர் மூன்று தேவைப்படும். நிறத்தில் ஒரு டப்பா கூடுதலாக வாங்கி வையுங்கள், பாதியில் தீர்ந்து வேறு தொகுப்பு வாங்கினால் சாயல் மாறும். எனாமல் மேல் நைட்ரோ அடித்தால், தின்னர் கீழே உள்ளதைக் கிளப்பித் தோல் சுருங்கியது போல் ஆக்கிவிடும். பாடியில் அடிக்கும் முன் இதே வரிசையை ஒரு மரத்துண்டில் அடித்துப் பாருங்கள். இரண்டு பாகம் கலந்து அடிக்கும் 2கே கிளியர் சீக்கிரம் இறுகும், ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லாதவர்கள் அதைத் தொடக் கூடாது. சாதாரண மாஸ்க் அதற்குப் போதாது.

ஒரு கெட்டியான பட்டைக்கட்டையை நெக் பாக்கெட்டில், நெக் ஸ்குரூ துளைகள் வழியாகவே முறுக்கிவிடுங்கள். அதுதான் கைப்பிடி, காயும்போது தொங்கவிடும் கொக்கியும் அதுதான். பாக்கெட்டின் தரையையும் சுவர்களையும் டேப் போட்டு மூடுங்கள். அங்கே பெயின்ட் தடித்தால் நெக் உட்காராது, அழுத்திச் செருகினால் மூலையில் விரிசல் விடும்.

காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்குள், வெப்பம் 18-இலிருந்து 28 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும் நாளாகப் பாருங்கள். மழை நாளில் நைட்ரோ அடித்தால் தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் பூச்சில் படிந்து பால் ஊற்றியது போல் வெளுக்கும். வெளுத்தால் பதற வேண்டாம். வறண்ட நாளில் ரிட்டார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் கரைப்பான்) கலந்த மெல்லிய கோட் அடித்தால் ஈரம் வெளியேறித் தெளிந்துவிடும்.

டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து, உள்ளே குண்டு சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகு இரண்டு நிமிடம் குலுக்குங்கள். வெந்நீரில் வைக்கவே கூடாது. இருபது, இருபத்தைந்து செ.மீ. தூரம். பாடிக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, மறுபக்கம் வெளியே வந்த பிறகே விரலை எடுக்க வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூடட்டும். முதலில் பக்கவாட்டு விளிம்புகள், கொம்புகளின் உள்வளைவு, பிறகு முகம். வெளிச்சத்தைச் சாய்வாக வைத்துக்கொண்டு பாருங்கள்: அடித்த இடத்தில் துளிகள் தனித்தனியாக நின்று, ஓரிரு நொடியில் ஒன்றோடொன்று கூடி ஈரக் கண்ணாடியாக வேண்டும். கூடாமல் பொடியாக நின்றால் கை வேகம் அதிகம் அல்லது தூரம் அதிகம். கூடியது நகர ஆரம்பித்தால் வழியப்போகிறது. அந்தக் கூடும் நொடியைக் கண் பழகிவிட்டால் பாதி வித்தை கைக்கு வந்த மாதிரி.

சீலர் மூன்று கோட், மறுநாள் 320. பிரைமர் இரண்டு மூன்று கோட். காய்ந்ததும் அதன் மேல் கறுப்பு ஸ்பிரேயைத் தூரத்திலிருந்து தூவினாற்போல் விட்டு, 400 நம்பரைக் கட்டையில் சுற்றித் தேயுங்கள். பள்ளத்தில் மட்டும் கறுப்பு தங்கி நிற்கும். நிற்கும் இடமெல்லாம் பட்டி பார்த்து மீண்டும் பிரைமர். இதைத் தாண்டிப்போன குறை இனி நிரந்தரம்.

நிறம் மூன்று நான்கு மெல்லிய கோட், இடையில் பதினைந்து இருபது நிமிடம். கீழே உள்ளது முழுக்க மறைந்ததும் நிறுத்துங்கள், நிறத்தைத் தடிமனாக்கி லாபமில்லை. மெட்டாலிக் நிறத்தைத் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் மினுக்குத் துகள்கள் திசை மாறித் திட்டுத் திட்டாகும். கேண்டி ஆப்பிள் ரெட் வேண்டுமென்றால் வெள்ளி அல்லது பொன் நிறம் அடியில், அதன் மேல் ஒளி ஊடுருவும் சிவப்பு. ஒவ்வொரு கோட்டிலும் சிவப்பு இருளும் என்பதால் எல்லாப் பக்கமும் கோட் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 60களின் ஃபெண்டர் கஸ்டம் நிறங்களில் பெரும்பாலானவை டுபான்ட் நிறுவனத்தின் கார் பெயின்ட்கள். மேலே இருந்த நைட்ரோ கிளியர் ஆண்டுகள் போகப் போக மஞ்சளித்து, ஒலிம்பிக் ஒயிட் வெண்ணெய் நிறமாயிற்று, லேக் பிளாசிட் புளூ பச்சை கலந்த நீலமாயிற்று. நீங்கள் ஆசைப்படுவது அந்தப் பழகிய நிறம் என்றால், புது நிறத்தின் மேல் அடிக்கும் கிளியரில் துளி ஆம்பர் சாயம் சேருங்கள். அதிகமானால் திரும்ப எடுக்க முடியாது, ஆகவே துண்டில் சோதித்த பிறகே.

கிளியர் ஆறிலிருந்து எட்டு கோட். ஒரு நாளைக்கு மூன்று, இடையில் இரண்டு மணி நேரம். எல்லாவற்றையும் ஒரே நாளில் அடித்து முடித்தால் அடியிலிருக்கும் தின்னர் வெளியேற வழியில்லாமல் பல வாரம் மென்மையாகவே கிடக்கும். வழிந்த இடத்தை ஈரத்தில் தொடாதீர்கள். நான்கு நாள் காய்ந்த பிறகு, இரு ஓரத்திலும் டேப் சுற்றிய பிளேடால் மேடு மட்டும் சீவி எடுக்கலாம்.

காத்திருப்பும் பாலிஷும்

நைட்ரோ என்றால் குறைந்தது நான்கு வாரம் தொங்கவிடுங்கள். பிக்கப் குழிக்கு அருகில் மூக்கை வைத்தால் தின்னர் வாசனை வருகிறதா? வந்தால் இன்னும் காயவில்லை. குழியின் விளிம்பில் நகத்தை அழுத்தினால் தடம் விழக் கூடாது.

பிறகு வாட்டர் பேப்பர்: 800, 1000, 1500, 2000. தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு. 800-இல் சில வீச்சு தேய்த்துத் துடைத்தால், மங்கிய பரப்பின் நடுவே மினுமினுக்கும் புள்ளிகள் தெரியும். ஸ்பிரே ஆரஞ்சுத் தோல் போல் படிந்ததில் உள்ள பள்ளங்கள் அவை. அந்தப் புள்ளிகள் மறையும்வரைதான் 800, அதற்கு மேல் ஒரு வீச்சுகூட வேண்டாம். அடுத்தடுத்த நம்பர்கள் முந்தையதன் கீறலை எடுக்க மட்டுமே. விளிம்புகளில் பூச்சு மிக மெல்லியது. அங்கே டேப் ஒட்டி வைத்துவிட்டு, கடைசியில் 1500-ஆல் மட்டும் லேசாகத் தொடுங்கள்.

துளைகள்தான் இந்தக் கட்டத்தின் ஆபத்து. ஸ்குரூ துளைக்குள் தண்ணீர் இறங்கினால் மரம் ஊதி, சுற்றிலும் பூச்சு வளையமாக வெடிக்கும். துளைகளின் பக்கத்தில் தண்ணீருக்குப் பதில் நாப்தா தொட்டுத் தேயுங்கள். அப்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்போ பொறியோ இருக்கக் கூடாது.

பாலிஷ் போட கடின காம்பவுண்ட் ஒன்று, மென்மையானது ஒன்று. டிரில்லில் ஸ்பாஞ்ச் பேட் மாட்டினால் வேகம் குறைவாகவும் பேட் எப்போதும் ஈரமாகவும் இருக்க வேண்டும். சூடானால் நைட்ரோ இளகி இழுபடும். பிக்கார்டும் கன்ட்ரோல் பிளேட்டும் மூடும் இடங்களுக்குப் பாலிஷ் தேவையில்லை.

திரும்பப் பூட்டுவது

ஸ்குரூவை நேராக முறுக்கினால், அதன் மரை புதுப் பூச்சின் விளிம்பைப் பிடித்துத் தூக்கிச் சில்லு பெயர்க்கும். ஒவ்வொரு துளையின் வாயிலும் கவுன்டர்சிங்க் பிட்டைக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றிப் பூச்சின் ஓரத்தை மரம்வரை சரித்துவிடுங்கள். ஸ்குரூவில் மெழுகு தேய்த்து, முதலில் இடப்பக்கமாகத் திருப்பினால் பழைய மரையில் ‘டக்’ என்று விழும். அங்கிருந்து வலப்பக்கம் முறுக்குங்கள். புதிதாக மரை வெட்டிக்கொண்டால் பழைய துளை நாசமாகும்.

நெக்கைத் திருப்புளி இல்லாமல் கையால் செருகிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பாக்கெட் சுவரில் ஏறிய பெயின்டைக் கத்தியால் சுரண்டுங்கள், மரத்தைத் தொடாமல். ஷிம் மறக்க வேண்டாம். எர்த் ஒயரின் முனையைப் பளபளப்பாகத் தேய்த்து பிரிட்ஜுக்கு அடியில் விரித்து வையுங்கள். அந்த இடத்தில் பெயின்ட் மேல் ஒயர் உட்கார்ந்தாலும் பரவாயில்லை, அது தொட வேண்டியது பிரிட்ஜின் உலோகத்தை. பூட்டிய பிறகு ஆம்பில் போட்டு, ஸ்ட்ரிங்கைத் தொட்டால் ரீங்காரம் குறைகிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் ஒயர் தொடர்பு இல்லை.

நைட்ரோ அடித்த கிட்டாரை ரப்பர் அல்லது வினைல் உறை போட்ட ஸ்டாண்டில் வைக்கக் கூடாது. அந்த ரப்பரில் உள்ள பிளாஸ்டிசைசர் பூச்சுக்குள் இறங்கி, ஒரே வாரத்தில் ஸ்டாண்டின் தடத்தைக் கறையாகப் பதித்துவிடும். வினைல் ஸ்ட்ராப்பும் அப்படியே. ஸ்டாண்டின் கைகளில் பருத்தித் துணியைச் சுற்றுங்கள், ஸ்ட்ராப் பருத்தி அல்லது தோலாக இருக்கட்டும்.